சேலத்தில் வீடு வாங்கும்போதும் விற்கும்போதும் புரோக்கர் கமிஷன்: முழுமையான வழிகாட்டி

சேலத்தில் ஒரு வீடு கைமாறும்போது முத்திரைத்தாள் செலவு, பதிவுக் கட்டணம், பத்திர எழுத்தர் கூலி எல்லாம் ஏதோ ஒரு காகிதத்தில் வந்துவிடும். புரோக்கர் கமிஷன் மட்டும் வாய்ப்பேச்சிலேயே நிற்கும். "அதெல்லாம் பாத்துக்கலாங்க, முதல்ல வீட்டைப் பாருங்க" என்று தொடங்கும் பேச்சு, பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் மனக்கசப்பாக முடிவது அழகாபுரத்திலும் உண்டு, அம்மாப்பேட்டையிலும் உண்டு. யார் தருவது, எந்தத் தொகையின் மேல், எந்த நாளில் என்ற மூன்றையும் வீடு பார்ப்பதற்கு முன்பே பேசி எழுதிக்கொள்ளாததுதான் பெரும்பாலும் காரணம்.

தரகு உழைப்புக்கு வரும் கூலிதான். பத்துப் பேருக்கு வீடு காட்டி, பெட்ரோல் போட்டு, ஒருவரும் வாங்காமல் போனால் புரோக்கருக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. அந்தப் பத்துப் பேருக்கு உழைத்ததையும் சேர்த்துத்தான் முடிகிற ஒரு வியாபாரத்தில் அவர் சம்பாதிக்கிறார். அதனால் கமிஷனை எப்படி ஏமாற்றித் தப்பிப்பது என்று சொல்ல இந்த வழிகாட்டி இல்லை. நியாயமான தொகையை, தெரிந்தே, சரியான நேரத்தில் கொடுப்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

படி 1: கமிஷன் எப்படிக் கணக்காகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

வீட்டு விற்பனைக்கு இத்தனை சதவீதம்தான் கமிஷன் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எல்லாம் வழக்கமும் பேச்சும்தான். தமிழ்நாட்டில் பரவலாக இருக்கும் வழக்கம், வாங்குகிறவரிடம் 1 முதல் 2 சதவீதம், விற்கிறவரிடம் 1 முதல் 2 சதவீதம். தொகை பெரிதாகப் பெரிதாகச் சதவீதம் இறங்கும். வாடகை வீடு என்றால் ஒரு மாத வாடகை.

கணக்குக்காக 60 லட்ச ரூபாய் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் 1 சதவீதம் என்றால் மொத்தம் 1,20,000 ரூபாய். இதை ஒரே ஆள் எடுத்துக்கொண்டு போகிறார் என்று நினைக்க வேண்டாம். விற்கிறவரைத் தெரிந்தவர் ஒருவர், வாங்குகிறவரைக் கூட்டிவந்தவர் இன்னொருவர், "அந்தத் தெருவில் ஒரு வீடு விலைக்கு வருது" என்று தகவல் சொன்ன மளிகைக் கடைக்காரர் மூன்றாமவர் என்று சங்கிலி நீளும். பொதுவாக அவரவர் கூட்டிவந்த பார்ட்டியிடம் அவரவர் வாங்கிக்கொள்வார்கள், அல்லது மொத்தத்தையும் ஓரிடத்தில் போட்டுப் பங்கு பிரிப்பார்கள். பங்கு அவர்கள் பாடு. ஆனால் சங்கிலியில் ஆள் கூடினாலும் உங்கள் தொகை கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பதிவு நாளில் முகம் தெரியாத ஒருவர் வந்து "நான்தாங்க முதல்ல சொன்னேன்" என்று நிற்பது இங்கே அடிக்கடி நடக்கும்.

சதவீதம் எந்தத் தொகையின் மேல் என்பதையும் கேளுங்கள். பேசி முடித்த உண்மை விலையின் மேல்தான் கேட்பார்கள், வழிகாட்டி மதிப்பின் (பதிவுக்காக அரசு வைத்திருக்கும் மதிப்பு) மேல் அல்ல. வருடத்துக்கு 20 லட்சத்துக்கு மேல் தரகு வருமானம் உள்ளவர் ஜி.எஸ்.டி. பதிவு செய்திருக்க வேண்டும், அதற்கு 18 சதவீத வரி உண்டு. 60,000 ரூபாய்க் கமிஷனுக்கு இது 10,800 ரூபாய். சொன்ன தொகைக்குள் வரி அடங்கியதா, தனியா என்று கேட்டு வைப்பது நல்லது.

படி 2: இந்த வியாபாரத்தில் அவருக்குப் பணம் வேறு எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்

இது கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி. புரோக்கர் சம்பாதிக்கும் வழிகள் ஒன்றல்ல, நான்கைந்து. எந்த வழி என்பதைப் பொறுத்துத்தான் அவர் சொல்லும் யோசனையை நீங்கள் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்பது தெரியும்.

முதல் வகை, இரண்டு பக்கமும் வாங்குவது. சேலத்தில் இதுதான் சாதாரணம். இரு தரப்புக்கும் தெரிந்து நடந்தால் இதில் தவறில்லை.

இரண்டாவது வகையில்தான் சிக்கல் அதிகம். விற்கிறவர் சொல்வார்: "எனக்கு 55 கையில வந்தாப் போதுங்க, மேல வர்றதை நீங்க எடுத்துக்குங்க." புரோக்கர் வாங்குகிறவரிடம் 62 சொல்வார். முடிந்தால் அவருக்கு 7 லட்சம். விற்கிறவர் மனமார ஒப்புக்கொண்டதால் அவருக்கு இழப்பில்லை என்று தோன்றும். ஆனால் பத்திரம் 62 லட்சத்துக்குத்தான் பதிவாகும். மூலதன ஆதாய வரி, அதாவது சொத்து விற்ற லாபத்துக்கான வரிக் கணக்கில் விற்ற விலையும் 62 லட்சம்தான். கைக்கு வராத 7 லட்சத்துக்கும் சேர்த்து அவர் வரி கட்ட வேண்டி வரலாம். 12.5 சதவீதம் என்று வைத்தால் 87,500 ரூபாய். அந்த 7 லட்சத்தை வங்கி வழியாகக் கமிஷனாகக் கொடுத்து ரசீது வாங்கியிருந்தால் மட்டுமே, விற்பனைக்காகச் செய்த செலவு என்று கழித்துக் காட்ட முடியும். இந்த முறையில் விற்கும் குடும்பங்கள் இதை யோசிப்பதே இல்லை. வாங்குகிறவர் பக்கமும் பாருங்கள். அதே புரோக்கர் உங்களிடம் 1 சதவீதமும் கேட்கிறார் என்றால், உங்கள் ஆள் என்று சொல்லிக்கொண்டே விலையை ஏற்றி விற்பவராக இருக்கிறார். "ஓனர் ரேட் எவ்வளவு? அதற்கு மேல் உங்களுக்கு ஏதாவது வருதா?" என்று நேராகக் கேளுங்கள். வீட்டு உரிமையாளரை ஒருமுறை எதிரில் உட்காரவைத்து விலை பேசாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, அக்ரிமெண்ட் போட்டுக் கைமாற்றுவது. உரிமையாளரிடம் கொஞ்சம் முன்பணம் கொடுத்து, மூன்று நான்கு மாதக் கெடுவில் தன் பெயரில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, அதற்குள் வேறு ஆளைப் பிடித்து அதிக விலைக்கு விற்பது. அப்போது அவர் தரகர் இல்லை, வியாபாரி. கமிஷன் கேட்க அவருக்கு இடமே இல்லை. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால், பதிவு செய்த ஒப்பந்தமாக இருந்தால் அதில் தெரியும். பொது அதிகாரப் பத்திரம், அதாவது பவர் வைத்து விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகாமல் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

நான்காவது, மனைப்பிரிவு போட்ட புரமோட்டர் கொடுக்கும் கமிஷன். ஓமலூர், அயோத்தியாப்பட்டணம், மல்லூர்ப் பக்கம் புதிதாக மனை போடுகிறவர்கள் சதவீதமாக இல்லாமல் சதுர அடிக்கு இவ்வளவு என்று கொடுப்பதும் உண்டு. சதுர அடிக்கு 50 ரூபாய் என்று வைத்தால் 1,200 சதுர அடி மனைக்கு 60,000 ரூபாய். இந்த இடத்தில் வாங்குகிறவர் தனியாகக் கமிஷன் தர வேண்டிய அவசியம் இல்லை. கேட்டால், புரமோட்டர் அலுவலகத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று வீட்டுக் கடன். வங்கிக்குக் கடன்காரரைப் பிடித்துக் கொடுக்கும் முகவருக்கு வங்கியிடமிருந்து கமிஷன் உண்டு. "லோனும் நானே பண்ணித் தர்றேங்க" என்றால் அந்த வருமானமும் அவருக்கு வரலாம். வட்டியை இரண்டு மூன்று வங்கிகளில் நீங்களே கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

படி 3: விலை குறைந்தால் புரோக்கருக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போடுங்கள்

"கமிஷன் விலையைப் பொறுத்து வருவதால் புரோக்கர் விலையை ஏற்றத்தான் பார்ப்பார்" என்று பலர் சொல்கிறார்கள். மேலே சொன்ன இரண்டாவது வகையில் அது சரி. சதவீத முறையில் உண்மை வேறு.

60 லட்சம் 58 லட்சமாக இறங்கினால் வாங்குகிறவருக்கு 2 லட்சம் மிச்சம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று மொத்தம் 9 சதவீதத்தில், வழிகாட்டி மதிப்பு அதற்குக் கீழே இருந்தால், இன்னும் 18,000 மிச்சம். புரோக்கருக்கு? ஒரு பக்கத்துக்கு 2,000 ரூபாய்தான் குறையும். வியாபாரம் முறிந்தால் அவருக்குப் போவது 1,20,000. ஆக அவருக்கு விலை முக்கியமில்லை, முடிவதுதான் முக்கியம். முடிய வேண்டும் என்பதற்காக, இரண்டு தரப்பில் யார் இளகியவரோ அவரைத்தான் அவர் தள்ளுவார். விற்கிறவருக்குப் பெண் கல்யாணம் நெருங்குகிறது என்று தெரிந்தால் அவரை இறக்குவார். வாங்குகிறவர் வீட்டம்மாவுக்கு வீடு ரொம்பப் பிடித்துவிட்டது என்று தெரிந்தால் உங்களை ஏற்றுவார்.

இதிலிருந்து இரண்டு விஷயம் கற்றுக்கொள்ளலாம். உங்கள் அவசரத்தையும், எவ்வளவு வரை போக முடியும் என்பதையும் புரோக்கரிடம் சொல்லாதீர்கள். அவர் இரு பக்கமும் வாங்குகிறவர் என்றால் கண்டிப்பாகச் சொல்லாதீர்கள். அடுத்து, வாங்குகிறவராக இருந்தால் சதவீதத்துக்குப் பதிலாக நிலையான தொகை பேசுங்கள். "60,000 தருகிறேன், விலை எதுவானாலும் அதே." அதற்கும் மேலாக, கேட்ட விலையிலிருந்து குறைத்துக் கொடுத்தால் குறைந்ததில் பத்தில் ஒரு பங்கு என்று சேர்த்துக்கொள்ளலாம். 62 கேட்டதை 60-க்கு முடித்தால் 20,000 கூடுதல். அப்போதுதான் அவர் உங்களுக்காக உட்கார்ந்து பேச அவருக்கே ஒரு காரணம் இருக்கும். விற்கிறவர் இதைத் திருப்பிப் போடலாம்: இந்த விலைக்கு மேல் எவ்வளவு வாங்கித் தந்தாலும் அதில் இவ்வளவு பங்கு, பத்திரத்திலும் ரசீதிலும் தெரியும்படி.

விற்கிறவருக்கு இன்னொரு யோசனை. பத்துப் புரோக்கரிடம் சொன்னால் சீக்கிரம் விற்கும் என்று நினைக்கிறோம். பத்துப் பேரும் பத்து விலை சொல்வார்கள், ஒரே வீடு இணையத்தில் ஐந்து விளம்பரமாகத் தெரியும். "அந்த வீடா, அது ரொம்ப நாளா கெடக்குதே" என்று பேச்சு வந்துவிட்டால் விலை இறங்காமல் விற்காது. இரண்டு பேரிடம், ஒரே விலையில், மூன்று மாதக் கெடுவில் கொடுத்துப் பாருங்கள்.

படி 4: வீடு பார்க்கும் முன் எழுதிக்கொள்ளுங்கள்

அமெரிக்காவில் வெகுகாலமாக விற்கிறவரே இரண்டு தரப்பு முகவர்களின் கமிஷனையும் தருவது வழக்கமாக இருந்தது. இரண்டும் சேர்ந்து 5, 6 சதவீதம் வரை போகும். அது வழக்காகி, சமரசத்தில் முடிந்து, 2024 ஆகஸ்ட் 17 முதல் புதிய விதிகள் வந்தன. வீட்டைச் சுற்றிக் காட்டும் முன்பே வாங்குகிறவரும் அவருடைய முகவரும் தொகையைக் குறிப்பிட்டு எழுத்து ஒப்பந்தம் போட வேண்டும் என்பது அவற்றில் முக்கியமானது. அந்த ஊர் விதி நமக்கு இல்லை. ஆனால் அந்தப் பழக்கத்தைச் சேலம் ஐந்து ரோட்டில் நாமே வைத்துக்கொள்ளத் தடையில்லை.

நமக்கு இருப்பது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். பழையது, ஆனால் இந்த விஷயத்தில் நல்ல துணை. அதன் 219-ஆம் பிரிவுப்படி, தனியாகப் பேசிக்கொள்ளாதவரை, ஒப்படைத்த வேலை முடிந்த பிறகுதான் முகவருக்கு ஊதியம் சேரும். 220-ஆம் பிரிவுப்படி, தன் வேலையில் முறைகேடு செய்த முகவருக்கு அந்தப் பகுதிக்கான ஊதியம் கிடையாது. உங்களுக்குத் தெரியாமல் அவரே தன் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்து லாபம் பார்த்தால், அந்த லாபத்தை நீங்கள் கேட்கலாம் என்கிறது 216-ஆம் பிரிவு.

இதற்குப் பெரிய பத்திரம் தேவையில்லை. ஒரு தாளில் இப்படி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும்:

"சேலம், இன்ன தெரு, இன்ன கதவு எண் வீட்டை நான் வாங்க உதவுவதற்காக இன்னாருக்கு ரூ. 60,000 தருகிறேன். கிரையப் பத்திரம் பதிவான நாளில் வங்கி வழியாகத் தருவேன். கிரையம் நடக்காவிட்டால் தர வேண்டியதில்லை. வேறு தரகர்கள் இருந்தாலும் என் பொறுப்பு இந்தத் தொகை மட்டுமே. இந்த விற்பனையில் இவருக்கு வேறு யாரிடமிருந்து பணம் வந்தாலும் எனக்குத் தெரிவிப்பார். இவர் காட்டிய இந்த வீட்டை ஆறு மாதத்துக்குள் உரிமையாளரிடம் நான் நேராகப் பேசி வாங்கினாலும் இதே தொகையைத் தருவேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். புரோக்கர் காட்டிய வீட்டை அவருக்குத் தெரியாமல் பின்வழியில் முடிப்பதைச் சிலர் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள். அது ஒருவர் கூலியைத் திருடுவது. அந்த வரி இருந்தால்தான் மற்ற வரிகளுக்கு அவரும் மனப்பூர்வமாக ஒப்புக்கொள்வார்.

தாளில் எழுதச் சங்கடமாக இருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்று பதில் வாங்குங்கள். ஒரே வீட்டை இரண்டு பேர் காட்டினால், முதலில் காட்டியவர் யார் என்பதற்கும் அந்தத் தேதி உதவும்.

படி 5: கமிஷனுக்கு என்ன வேலை, எது வேலை இல்லை

கிரையப் பத்திரம், தாய்ப்பத்திரங்கள், பட்டா, வரி ரசீது, கட்டட அனுமதி ஆகியவற்றின் நகலை விற்கிறவரிடமிருந்து வாங்கித் தருவதும், இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவதும், பதிவு நாள் வரை கூட இருப்பதும் புரோக்கர் வேலை. பத்திரம் சுத்தமா என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை இல்லை. அதற்கு வக்கீல் கருத்து வாங்குங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே எடுக்கலாம். அட்வான்ஸ் எப்போதும் உரிமையாளர் வங்கிக் கணக்குக்குத்தான், புரோக்கர் கைக்கு இல்லை. கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வருமா என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

படி 6: புது மனை, புது அடுக்குமாடி என்றால் ரெரா எண் கேளுங்கள்

2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு செய்ய வேண்டிய திட்டங்களில் மனையோ வீடோ விற்றுத்தரும் முகவரும் தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும் என்கிறது. தரகர், இடைத்தரகர், டீலர் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் சரி. 500 சதுர மீட்டர் நிலத்தையோ எட்டு வீடுகளையோ தாண்டாத சிறு திட்டங்களுக்கு இதில் விலக்கு உண்டு. முடித்துத்தரும் ஒவ்வொரு விற்பனையிலும் முகவர் தன் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும், பதிவாகாத திட்டத்தை விற்றுத்தரக் கூடாது. மீறினால் நாளுக்கு 10,000 ரூபாய் என்று, விற்ற சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை அபராதம் போகலாம். பதிவு செய்த முகவரா, திட்டமா என்பதை தமிழ்நாடு ரெரா இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். சனிக்கிழமை காரில் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டு மனை காட்டுகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

படி 7: ஏற்காட்டில் வேறு கணக்கு

அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிய பிறகு தரகின் தன்மையே மாறுகிறது. கீழே வீடுகள் அடிக்கடி கைமாறும், விலை ஓரளவு எல்லோருக்கும் தெரியும். மேலே விற்பனை குறைவு, பக்கத்து இடம் என்ன விலைக்குப் போனது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். அதனால் ஓனர் விலைக்கு மேல் ஏற்றி வைத்து விற்பதற்கு அங்கே இடம் அதிகம், சதவீதமும் கூடுதலாகக் கேட்பார்கள்.

கூடுதலாகக் கொடுக்கலாம், அதற்கான வேலை நடந்தால். எல்லை எது, பாதை யாருடையது, நிபந்தனைப் பட்டாவா (அரசு நிபந்தனையோடு கொடுத்தது), பழங்குடியினருக்கோ பட்டியலினத்தவருக்கோ ஒப்படைத்த நிலமா, மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளின்படி வீடு கட்ட அனுமதி வாங்க முடியுமா என்பவைதான் அங்கே உயிர்நாடி. காப்பித் தோட்டத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் காட்டி "எல்லா அப்ரூவலும் இருக்குதுங்க" என்றால், உத்தரவின் நகலைக் கையில் வாங்காமல் அடுத்த பேச்சே வேண்டாம். கமிஷன் தாளிலேயே, "நிலத்தின் தன்மை பற்றிச் சொன்னது தவறென்று தெரிந்தால் கமிஷன் இல்லை" என்று ஒரு வரி சேருங்கள். நேர்மையான மலைப் புரோக்கர் அதற்குத் தயங்க மாட்டார். ஊர்க்காரர்களோடு பழகி, எந்த நிலத்தைத் தொடக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லித் தடுக்கும் ஒருவருக்கு 2 சதவீதம் கொடுத்தாலும் தகும் என்பது என் எண்ணம்.

படி 8: பதிவு நாளில் கொடுப்பதும் அதற்குப் பிறகும்

பத்திரம் பதிவாகிக் கையெழுத்து, கைரேகை எல்லாம் முடிந்த பிறகு கமிஷனைக் கொடுங்கள். புரோக்கருக்கு நடுவில் செலவுக்கு வேண்டுமென்றால், விற்பனை ஒப்பந்தம் பதிவாகும் நாளில் கால் பங்கு கொடுக்கலாம். கிரையம் நின்றால் அது திரும்ப வர வேண்டும் என்று எழுதிக்கொண்டு கொடுங்கள்.

கிரையத் தொகையில் ஒரு பகுதியைப் பத்திரத்தில் காட்டாமல் ரொக்கமாகக் கொடுக்கும் யோசனை பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வரும். ஏற்காதீர்கள். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே வாங்கியவருக்கு அபராதம் வரலாம். வாங்குகிறவருக்கோ, நாளை விற்கும்போது தான் உண்மையில் கொடுத்த விலையைக் காட்ட ஆதாரம் இருக்காது. சொத்து 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குகிறவர் 1 சதவீத டி.டி.எஸ். (விற்கிறவருக்காக முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்து அரசுக்குக் கட்டிவிட்டு மீதியைத்தான் விற்கிறவருக்குத் தர வேண்டும். 60 லட்சத்துக்கு 60,000. இது கமிஷனோடு சம்பந்தமில்லாதது, ஆனால் பல புரோக்கர்கள் சொல்வதில்லை.

கமிஷனை வங்கி வழியாகக் கொடுத்து, சொத்து விவரம், பத்திர எண், தொகை, புரோக்கரின் பெயர், பான் எண் எழுதிய ரசீது வாங்குங்கள். விற்கிறவர் இந்த வருட மூலதன ஆதாயக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். வாங்குகிறவர் அதைக் கிரையப் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும். பத்து வருடம் கழித்து வீட்டை விற்கும்போது, வாங்கிய செலவில் இந்த 60,000-ஐயும் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணத்தையும் சேர்த்துக் காட்டினால் அந்த அளவுக்கு வரிக்கு உட்படும் லாபம் குறையும். ரசீதில் வாங்கியவர் பெயர் பத்திரத்தில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.